விரல் முளைக்காத சங்கு

கள்ளக்குறிச்சியில் கடல் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஷாஜாதியின் கடையைத்தான் கை காட்ட வேண்டும். நிஜக் கடலைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தால், கிழக்கே கடலூருக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏறி, இடுப்பு கழன்று இறங்க வேண்டியதுதான். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வாசலில் கோணி நிறையச் சோழி. உள்ளே கூடை கூடையாகச் சங்கு. அவற்றோடு படிகாரம், கறுப்புக் கயிறு, ஆகாசக் கருடன் கிழங்கு, நாக்கைத் துருத்திய திருஷ்டிப் பொம்மை. தலைக்கு மேலே, கம்பியில் வரிசையாக விரல் சங்குகள் தொங்கும். உயரமானவர்கள் குனியாமல் நுழைந்தால் நெற்றியில் ஒரு விரல் குத்தும்.

விரல் சங்கைத் தெரியாதவர் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்கள். புது வீடு கட்டினால் நிலைப்படிக்கு மேலே கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களே, விளிம்பில் விரல் விரலாக நீட்டிக்கொண்டு, அதுதான். கண் படாமல் இருக்கக் கட்டுவது. எல்லா விரலும் முழுசாக இருக்க வேண்டும். ஒன்று ஒடிந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள், வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

ஒரு பாயம்மா எப்படித் திருஷ்டிச் சாமான் விற்கலாம் என்று வாய்க்கொழுப்போடு கேட்கிற ஆளும் உண்டு. ஷாஜாதி அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டாள். "எங்க வூட்டுல துஆ ஓதுவோம், உங்க வூட்டுல இத்த கட்டுவீங்க. கண்ணு போடுறவன் ரெண்டு வூட்டுக்கும் ஒருத்தன்தான்" என்பாள். கேட்டவர் சிரித்துக்கொண்டே ஒரு சங்கு வாங்கிப் போவார். அவள் வீட்டு வாசலில் சங்கும் கிடையாது, கயிறும் கிடையாது.

அவள் பிறந்தது நைனார்பாளையம். பஷீர் அகமதுவுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தபோது சங்கென்றால் ஊதுகிற சங்கு, குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு, அவ்வளவுதான் தெரியும். கல்யாணமான புதிதில் பஷீர் ராமேஸ்வரத்துக்குப் போய் மூட்டையோடு வந்தார். மூட்டையைப் பிரித்ததும் வந்த நாற்றத்தில் ஷாஜாதி கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். பாவம், சங்கு நாற்றம் பழகவில்லை என்று எல்லோரும் இரக்கப்பட்டார்கள். மறு மூட்டை வருவதற்குள் வயிறு தெரிந்துவிட்டது. உள்ளே ஆஷிக் இருந்தான். அந்த வாந்திக்குக் காரணம் சங்கா மகனா என்று பஷீர் இன்றைக்கும் கேலி செய்வார்.

மூட்டையை ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, இனம் பிரித்துக் கூடையில் போடுவது அவள் வேலையாயிற்று. பிறகு பஷீருக்கு முட்டிவலி வந்து நிற்க முடியாமல் போனதும் கல்லாவும் அவள் கைக்கு வந்தது. அவர் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கயிறு முறுக்குவார், இவள் முன்னால் நின்று பேசுவாள். சரியான வேலைப் பிரிவினைதான். ஏனென்றால் பஷீருக்கு வாய் கம்மி, இவளுக்கு ஜாஸ்தி.

அந்த வாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது பொல்லாத வாய் இல்லை. வாடிய முகத்தோடு ஒருவர் கடைக்கு வந்து அதே முகத்தோடு திரும்பிப் போனால் ஷாஜாதிக்குச் சோறு இறங்காது. கடன்பட்டுக் கட்டின வீடு என்று ஒருவர் சொன்னால், குடிபோன நேரம் நல்ல நேரம், கடன் அடைந்துவிடும் என்பாள். பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்று அழுதால், இந்தச் சங்கு வாங்கிப் போன இன்னார் மகனுக்கு வேலை கிடைத்ததே என்பாள். அந்த இன்னார் யார் என்று அவளுக்கே தெரியாது. வியாபாரத்துக்காகச் சொல்கிற பொய் என்று தள்ளிவிட முடியாது, எதிரே இருக்கிற முகம் மலர்ந்தால் போதும் அவளுக்கு. எல்லோருக்கும் நல்லது சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அவள் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

சங்குகளையும் அவள் இப்படித்தான் பேசிப் பேசியே தெரிந்துகொண்டாள். விரலை வைத்துத்தான் முதலில் பிரித்தாள். ஏழு விரல்காரன்தான் மூட்டையில் நிறைய வருவான். ஐந்தாறு விரல் உள்ள பெரியதும், எண்ணி மாளாத குட்டை விரல் உள்ளதும் முன்பு வந்தன. அவற்றில் பலவற்றைப் பிடிக்கக்கூடாது, விற்கக்கூடாது என்று சட்டம் இருப்பது தெரிந்ததும் பஷீர் நிறுத்திவிட்டார். விரலே இல்லாமல், உதட்டை மட்டும் அகலமாக விரித்துக்கொண்டிருக்கும் சின்னதும் உண்டு. இவ்வளவும் ஒரே வம்சம் என்று அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. தேய்க்கும்போது கட்டைவிரல்தான் கண்டுபிடித்தது. விரல் இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், உதட்டின் கீழ்ப் பக்கம் ஓர் இடத்தில் மட்டும் விளிம்பு உள்வாங்கி ஒரு நெளிவு இருக்கும். மற்ற சங்குகளில் அது இல்லை.

அந்த நெளிவு எதற்கு என்பது, ஆஷிக் சென்னைக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து போனில் ஒரு வீடியோ அனுப்பிய பிறகுதான் விளங்கியது. அதில் உயிரோடு ஒரு விரல் சங்கு கடலடி மணலில் கிடந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, அந்த நெளிவு வழியாக நீளமாக ஒரு காம்பு வெளியே வந்தது. காம்பின் நுனியில் ஒரு கண். கறுப்பும் மஞ்சளுமாக வளையம் போட்ட உருண்டைக் கண். பக்கத்து ஓட்டை வழியாக இன்னொரு கண். இரண்டும் அப்படியும் இப்படியும் திரும்பி வேடிக்கை பார்த்தன. நத்தை இனத்திலேயே இதற்குத்தான் நல்ல கண் என்று ஆஷிக் எழுதியிருந்தான். ஷாஜாதி சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணுக்குப் பயந்து வாங்கிக் கட்டுகிறோமே, அதுவே கண்ணை நீட்டிக்கொண்டு பார்க்கிற ஜென்மமா என்று அன்று முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வீடியோவைக் காட்டினாள்.

அதிலிருந்து ஆஷிக் தேடித் தேடி அனுப்பினான். இந்த வம்சத்துக்குப் படித்தவர்கள் வைத்த பேர் ஸ்ட்ராம்பிடே என்றான். அது அவள் வாயில் நுழையவில்லை, விட்டுவிட்டாள். மற்றதெல்லாம் நுழைந்தது. வெதுவெதுப்பான கடலில்தான் இவை இருக்கும், குளிர்ந்த தண்ணீர் ஆகாது. எதையும் கொன்று தின்னாது, பாசியை மேயும். பெண்தான் பெரியது, அதன் விரல்கள் நீண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும். ஆண் சிறியது, விரலும் குட்டை. இதை அவள் பஷீரிடம் இரண்டு தடவை சொன்னாள். மற்ற நத்தைகளைப் போல இது வழுக்கிக்கொண்டு நகராது. காலில் ஒட்டியிருக்கும் அரிவாள் போன்ற நகத்தை மணலில் ஊன்றி, எக்கி, ஒரு தாவு தாவும். மறுபடி ஊன்றும், மறுபடி தாவும்.

குட்டிகளின் கதைதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. மூட்டையில் எப்போதும் வேறு மாதிரி ஓடு கொஞ்சம் கலந்து வரும். விரல் கிடையாது, விரிந்த உதடு கிடையாது, அந்த நெளிவும் கிடையாது. உதடு மெல்லிசாக, மொட்டையாக, கூம்பு மாதிரி இருக்கும். அவை வேறு ஏதோ சங்கு என்று நினைத்து மூலையில் ஒரு கூடையில் தள்ளிவைத்திருந்தாள். அவை வேறில்லை, விரல் சங்கின் குட்டிகள்தான் என்று ஆஷிக் சொன்னான். வளரும்வரை விரல் இருக்காது. ஆளானதும் உதட்டை விரித்து ஏழு விரலையும் விட்டுவிடும். அதற்கப்புறம் நீளத்தில் வளராது, ஓடு தடித்துக்கொண்டே போகும். இத்தனை வருஷமும் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து மூலையில் போட்டிருக்கிறேனே என்று அவள் மனசார வருத்தப்பட்டு, அந்தக் கூடையை எடுத்து விரல் சங்குகளுக்குக் கீழேயே வைத்தாள்.

போன தை மாதம் பெரியநாயகி கடைக்கு வந்தாள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊர். இருபத்து மூன்று வயசு இருக்கலாம். புருஷன் மாயவன் கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருந்தான். தொகுப்பு வீடு கட்டி முடியப் போகிறது, நிலைக்குக் கட்ட விரல் சங்கு வேண்டும் என்றாள். இடுப்பில் கைக்குழந்தை, பெண். அதைத் தலைமுதல் கால்வரை துண்டால் சுற்றியிருந்தாள். பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட்டு பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று இங்கே நுழைந்தவள். முகம் வாடிக் கிடந்தது. ஷாஜாதிக்கு அது போதாதா?

ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். கம்பியிலிருந்து சங்குகளை ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினாள். பெரியநாயகி ஒவ்வொரு சங்கின் விரலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வாங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள், ஆனால் இவள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது கீழே இருந்த கூடை கண்ணில் பட்டது. இது என்ன, விரலே இல்லையே என்று கேட்டாள்.

ஷாஜாதிக்குப் பிடித்த கேள்வி. "அது குட்டி கண்ணு. குட்டியில வெரல் இருக்காது. வளந்து ஆளாச்சுன்னா எல்லா வெரலும் தன்னால வந்துரும்."

"நெஜமாவா பாயம்மா? வராமப் பூடாதா?"

"எங்கியாவது வராமப் போவுமா? நேரம் வந்தா வந்துதான் தீரும்."

பெரியநாயகியின் முகம் அப்படியே மாறியது. விளக்கு ஏற்றினாற்போல ஆகிவிட்டது. ஷாஜாதிக்கும் சந்தோஷம். பெரியநாயகி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டபோது துண்டு விலகியது, இடது கை வெளியே வந்தது. சின்ன உள்ளங்கை. அதன் ஓரத்தில் விரல்களுக்குப் பதிலாக ஐந்து மொட்டுகள், அரிசி மணி அளவுக்கு.

அந்தக் கேள்வி எதைப் பற்றியது என்று ஷாஜாதிக்கு அப்போதுதான் புரிந்தது. நான் சங்கைச் சொன்னேன் தாயே, பிள்ளையைச் சொல்லவில்லை என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் பெண் கூடையிலிருந்து ஒரு மொட்டைக் குட்டியை எடுத்து, அதன் உதட்டைத் தடவி, குழந்தையின் கன்னத்தில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இதையே கட்டுகிறேன், இதைக் கொடுங்கள் என்றாள். ஷாஜாதி திறந்த வாயை மூடிக்கொண்டு, குட்டிக்குக் காசு வாங்குவதில்லை, எடுத்துப் போ என்று மட்டும் சொன்னாள். பஸ் வந்துவிட்டது.

போகட்டும், தாய்க்குத் தெரியாதா, ஏதோ ஒரு ஆறுதல் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். நாலு பேர் வந்து போகிற கடை, அப்படியே மறந்தும் போனாள். மறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆடி மாதம் பெரியநாயகி மறுபடி வந்தாள். கடையில் அன்று நல்ல கூட்டம். கையில் பலாப்பழம், மலையிலிருந்து பாயம்மாவுக்காகவே சுமந்து வந்தது. குழந்தையை ஊரில் விட்டு வந்திருந்தாள். தேவதர்ஷினி என்று பேர் வைத்திருக்கிறோம், நன்றாகத் தவழ்கிறாள் என்றாள். ஷாஜாதி பழத்தை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"பாண்டிச்சேரிக்கு இட்டுக்கினு போவச் சொன்னாங்க பாயம்மா. அங்க கைக்குன்னே டாக்டருங்க கீறாங்களாம். சின்னதுலயே வந்தாத்தான் எதாவது செய்ய முடியும்னாங்க. நான் போவல. இன்னாத்துக்குப் போவணும்? நீங்கதான் சொன்னீங்களே, வளந்தா வரும்னு."

ஷாஜாதியின் கையிலிருந்த பழம் கல்லாமேல் தொப்பென்று விழுந்தது. அதற்குள் யாரோ படிகாரம் கேட்டார்கள், யாரோ கயிறு கேட்டார்கள், திரும்பிப் பார்த்தால் பெரியநாயகி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். போன் நம்பர்கூட வாங்கி வைக்கவில்லை.

மதியம் சோற்றில் கையை வைத்துக்கொண்டு பஷீரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். வாயைக் கட்டுப்படுத்து என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் கேட்கவில்லை. "வாயால ஆனத வாயாலதான் சரி பண்ணணும். காலையில மொத பஸ்ஸுல போ. கடைய நான் பாத்துக்கறேன்" என்றார். முட்டிவலிக்காரர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அவள் கேட்கவில்லை.

கிளம்பும்போது கம்பியில் இருந்ததிலேயே நல்ல சங்கை இறக்கினாள். பெரிய பெண் சங்கு. ஏழு விரலும் நுனி தேயாமல் மேல்நோக்கி வளைந்திருந்தன. பழைய தினசரியில் சுற்றி வயர்க்கூடையில் வைத்துக்கொண்டாள். வெறுங்கையோடு போய் ஒரு பெண்ணின் நம்பிக்கையைப் பிடுங்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஷாஜாதி ஒரு விதமாகப் பேச்சைத் தயார் பண்ணினாள், அடுத்த வளைவில் அது சரியில்லை என்று தோன்றியது. பக்கத்தில் கடுக்காய் மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எந்த ஊருக்கு என்று கேட்டார். பெரியநாயகி பேரைச் சொன்னதும், ஓ, கை சூம்பிப்போன குழந்தை வீடா என்றார். கிரகண நேரத்தில் அந்தப் பெண் அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் அரிந்துவிட்டதாம், அதனால்தான் என்று ஊரே சொல்லுதாம். அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஊர் சொல்வதைச் சொன்னார். இந்தப் பேச்சின் நடுவில்தான் அந்தப் பெண் பிள்ளை பிறந்ததிலிருந்து வாழ்கிறாள், அதில் அவளுக்கு நல்லதாகக் கிடைத்தது ஒரு கடைக்காரியின் ஒற்றை வாக்கியம். அதையும் பிடுங்கத்தான் போகிறோம் என்று நினைத்தபோது ஷாஜாதிக்கு இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

திரும்பவில்லை. வெள்ளிமலையில் இறங்கி, மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே விசாரித்துக்கொண்டே நடந்தாள்.

வீடு புதுச் சுண்ணாம்போடு பளிச்சென்று இருந்தது. நிலைப்படிக்கு மேலே கறுப்புக் கயிற்றில், நட்டநடுவில், அந்த மொட்டைச் சங்கு தொங்கியது. பக்கத்து வீட்டு நிலைகளில் எல்லாம் ஏழு விரல்காரர்கள். இந்த வாசலில் மட்டும் குட்டி. ஷாஜாதி அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

பெரியநாயகி ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். கீழ்நாட்டிலிருந்து பாயம்மா என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பாய் விரித்தாள். அடுப்பு மூட்டப் போனாள். ஒன்றும் வேண்டாம், முதலில் உட்கார் என்றாள் ஷாஜாதி. அதற்குள் உள்ளறையிலிருந்து தேவதர்ஷினி வந்தாள்.

நன்றாகத் தவழ்கிறாள் என்று தாய் சொன்னது நிஜம்தான், ஆனால் மற்றக் குழந்தைகளைப் போல இல்லை. உட்கார்ந்த மேனிக்கே வந்தாள். வலது கையைத் தரையில் ஊன்றி, எக்கி, ஒரு தாவு. மறுபடி ஊன்றி, ஒரு தாவு. இடது கை மார்போடு சேர்ந்து இருந்தது. கண் இரண்டும் உருண்டு உருண்டு, வந்திருப்பது யார் என்று பார்த்தன. நாலு தாவில் ஷாஜாதியின் மடியருகே வந்துவிட்டாள்.

ஷாஜாதி பஸ்ஸில் தயார் பண்ணிய பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. குழந்தையை வாரி எடுத்து, அந்தச் சின்ன உள்ளங்கையை முத்தமிட்டு, அழுகையோடு சிரித்தாள். போனை எடுத்தாள். ஆஷிக் அனுப்பிய வீடியோவைத் தாய்க்குக் காட்டினாள். மணலில் நகத்தை ஊன்றி, எக்கி, விரல் சங்கு தாவியது. பெரியநாயகி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். எம்புள்ள மாதிரியே போவுதே என்றாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். ஷாஜாதி போட்டாள். அதன் பிறகு போனை மூடிக் கீழே வைத்தாள்.

"கண்ணு, நான் அன்னிக்கு சங்கத்தான் சொன்னேன். கொழந்தைய சொல்லல. சங்குக்கு வரும். புள்ளைங்களுக்கு அந்த மாதிரி வராது. உம் மொகத்த பாத்துட்டு என்னால சொல்ல முடியல. தப்பு என்னோடது. நீ இவள பாண்டிச்சேரிக்கு இட்டுக்கினு போவணும்."

பெரியநாயகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டட்டும், எழுந்து போகச் சொல்லட்டும் என்று ஷாஜாதி காத்திருந்தாள். அந்தப் பெண் திட்டவில்லை.

"தெரியும் பாயம்மா" என்றாள். "நான் ஒண்ணும் மக்கு இல்ல. டாக்டரு சொன்னாரு, நர்சம்மா சொன்னாங்க. ஊருல அல்லாரும் என்னியத்தான் சொன்னாங்க, நீதான் கிரகணத்துல அரிஞ்சிட்டன்னு. வரும்னு ஒரு ஆளு சொன்னது நீங்கதான். பாண்டிச்சேரிக்குப் போனா அவங்களும் வராதுன்னுதான் சொல்லுவாங்க. அதான் போவல."

ஷாஜாதி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், நடுவில் குழந்தை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. கிரகணமும் இல்லை, அரிவாள்மணையும் இல்லை, நீ ஒன்றும் செய்யவில்லை என்று ஷாஜாதி அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள். இதை அவள் முகம் மலர்வதற்காகச் சொல்லவில்லை. மலரவும் இல்லை. ஆனால் பெரியநாயகி அதைக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு வேலைப் பேச்சு. வருகிற புதன்கிழமை கீழே இறங்கி வருவது, ஷாஜாதியும் கூடப் பாண்டிச்சேரிக்கு வருவது என்று முடிவாயிற்று. அங்கே அவர்கள் வராது என்று சொல்லும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும் என்றாள் ஷாஜாதி. இத்தனை வருஷம் கடல் சாமான் விற்கிறேன், நானும் கடலைப் பார்த்ததில்லை, அதையும் பார்த்துவிட்டு வருவோம் என்று சேர்த்துக்கொண்டாள். பெரியநாயகி அடுப்பு மூட்டி டீ போட்டாள். குடிக்கும்போது இரண்டு பேருக்கும் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. கண்ணை நீட்டிப் பார்க்கிற வீடியோவையும் ஷாஜாதி காட்டியிருந்தாள்.

கிளம்பும் நேரத்தில்தான் வயர்க்கூடை ஞாபகம் வந்தது. தினசரியைப் பிரித்து ஏழு விரல் சங்கை வெளியே எடுத்தாள். வெயில் பட்டு அதன் உள்வாய் ரோஜா நிறத்தில் மின்னியது.

"மேல இருக்கறத கழட்டிட்டு இத்த கட்டிக்க கண்ணு. கடல்ல இருந்து எடுத்தாந்ததால அதுக்கு இனிமே வெரல் வராது. அத்த உன்கிட்ட குடுத்திருக்கவே கூடாது நான்."

பெரியநாயகி சங்கை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள். நிலைப்படியை நிமிர்ந்து பார்த்தாள். காற்றில் அந்த மொட்டைச் சங்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வேணாம் பாயம்மா. அது அங்கியே இருக்கட்டும். வெரல் வராதுன்னு தெரிஞ்சதும் அத்த கழட்டிப் போட்டா, நாளைக்கு இவ வளந்து, ஏம்மா கழட்டினன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

தேவதர்ஷினி தாவித் தாவி வாசல்வரை வந்து, பெரியநாயகி கீழே வைத்த பெரிய சங்கின் இரண்டு விரல்களுக்கு நடுவே தன் இடது கையைக் கொடுத்து இழுத்தாள். அது நகர்ந்தது. குழந்தை சிரித்தது. அந்தச் சங்கை ஷாஜாதி அவளுக்கே விளையாட விட்டுவிட்டு, வெறும் வயர்க்கூடையோடு பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.